உட்கார ஓர் இருக்கை



விழாக்காலங்களில் துணி எடுக்கப் பெரிய கடைகளுக்குச் செல்கிறோம். நாம் அமர்ந்து புடவை தேர்ந்தெடுக்க, அதை விரித்துக் காட்டும் பெண் காலை முதல் நின்றுகொண்டே இருக்கிறார்.

கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடினர். 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. 2021இல் தமிழக அரசும், 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. பணியாளர் அனைவருக்கும் தகுந்த இருக்கை வேண்டும். வேலைக்கிடையே வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் அமரலாம் என்கிறது அது.

ஆனால் நாற்காலி போட்டால் மட்டும் போதுமா? அமர்பவரைச் சோம்பேறி என முதலாளி எண்ணினால், யார் துணிந்து அமர்வார்? வேலை போய்விடும் என்ற அச்சம் சட்டத்தை வென்றுவிடுகிறது. முறையான ஆய்வும், தொழிலாளர் ஒன்றுசேரும் உரிமையும் இருந்தால்தான் சட்டம் உயிர் பெறும்.

தொழிலாளரைப் பணம் சேர்க்கும் கருவியாக நடத்துவது வெட்கக்கேடு என்று 1891இலேயே 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் திருத்தந்தை 13ஆம் லியோ கற்பித்தார். உடல் வலிமைக்கு மீறி வேலை வாங்கலாகாது, உரிய ஓய்வு தரவேண்டும் என்றார்.

நம் பங்குகளிலும் கடை முதலாளிகள் உண்டு. சிறு கடைக்கும் இச்சட்டம் பொருந்தும். ஒரு முக்காலி பெருஞ்செலவன்று. வாங்கச் செல்லும் நமக்கும் பொறுப்பு உண்டு. "நீங்களும் உட்காருங்கம்மா" என்று முதலாளியின் காதுபடச் சொல்வோம்.

மே 1 அன்று தொழிலாளரான புனித யோசேப்பைக் கொண்டாடும் நாம், அவருடைய தோழர்களை நிற்க வைத்துவிட்டுச் செபிக்க முடியுமா? சிந்திப்போம்.