இளவரசியா, ஆபரேட்டரா?

கூமாப்பட்டித் தோழர் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி போட்டார். "வெள்ளைக்கார ராஜா பதக்கம் கொடுத்த உளவாளியைப் பற்றி நமக்கென்ன பேச்சு? நாற்று நடுகிறவனுக்கும் மில்லில் நூல் நூற்கிறவனுக்கும் அதில் என்ன கிடக்கிறது?"

நியாயமான கேள்வி. வெள்ளைக்காரன் பதக்கத்தின் யோக்கியதை நம் சீமை அறியாததல்ல. கான்சாகிப்புக்குத் தங்கப் பதக்கம் சூட்டிய அதே கும்பினிதான் நவாபோடு சேர்ந்து 1764இல் மதுரையில் அவரைத் தூக்கிலும் போட்டது. ஆனாலும் நூர் இனாயத் கானின் கதையை நாம் சொல்லத்தான் போகிறோம். அதைத் தலைகீழாகச் சொல்லித் திரிகிறவர்கள் அநேகர்.

"உளவு இளவரசி" என்கிறார்கள். திப்பு சுல்தானின் வம்சமாம். வம்சம்தான், யார் மறுத்தார்கள்? 1799இல் திப்புவைக் கொன்றார்கள். பிள்ளைகளை வேலூர்க் கோட்டையில் அடைத்தார்கள். 1806இல் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும், நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்று போட்டுவிட்டு, குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு ஓட்டினார்கள். பிறகு எந்த அரண்மனை மிஞ்சியது? பரோடாவில் பிறந்த தகப்பனார் வீணை வாசித்து, சூபி ஞானம் போதித்து, தேசம் தேசமாய்ப் போனவர். தாய் அமெரிக்கப் பெண். 1914இல் மாஸ்கோவில் பிறந்து பாரிஸ் அருகே வளர்ந்த நூர், குழந்தைகளுக்குக் கதை எழுதியவர்.

1940இல் ஹிட்லர் பட்டாளம் பிரான்ஸில் புகுந்தது. நூர் இங்கிலாந்துக்குத் தப்பி, விமானப்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்து, கம்பியில்லாத் தந்தி கற்றார். பதவிக்கான நேர்காணலில், யுத்தம் முடிந்ததும் இந்தியாவின் விடுதலைக்காகவே நிற்பேன் என்று அதிகாரிகளின் முகத்துக்கு நேரே சொன்னார். பாஸிஸ்டை எதிர்க்க வேண்டுமென்றால் ஏகாதிபத்தியத்துக்கு ஆலாத்தி எடுக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. வங்காளத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் பட்டினியால் செத்த 1943ஆம் வருஷத்தில்தான் அவரை ரகசியமாகப் பாரிஸுக்கு அனுப்பினார்கள்.

எப்படி அனுப்பினார்கள்? பயிற்சி பூர்த்தியாகவில்லை. ஆபரேட்டர்களுக்குப் பஞ்சம், போ என்றார்கள். மூளை அதிகமில்லை, ஆனால் பாடுபடுகிறவர் என்று பயிற்சி அதிகாரி ஒருவர் குறிப்பு எழுதினார். ராஜபாளையத்து மில் தோழர்களே, இந்த மாதிரி மேஸ்திரிக் குறிப்பு உங்களுக்குப் புதிதா?

ஜூன் மாதம் இறங்கினார். சில நாட்களிலேயே கூட்டாளிகள் கெஸ்டபோவிடம் சிக்கிவிட்டார்கள். திரும்பி வா என்றது லண்டன். ஆபரேட்டர் இல்லாவிட்டால் இங்குள்ளவர்கள் கதி என்ன என்று நூர் மறுத்துவிட்டார். சுமார் 15 கிலோ பெட்டி. அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மாறி, ஏரியல் கம்பியைக் கட்டி, செய்தியை அனுப்பிவிட்டு, எதிரியின் மோப்ப வண்டி வருமுன் கிளம்ப வேண்டும். இப்படிக் கிட்டத்தட்ட நான்கு மாதம்! அக்டோபரில் யாரோ காட்டிக்கொடுத்தார்கள்.

செய்திகளை அவர் நோட்டில் எழுதி வைத்திருந்தாரே, அது பிசகல்லவா என்பார்கள். பிசகுதான். அரைப் பயிற்சியோடு அனுப்பியவனின் பிசகை எந்த நோட்டில் எழுதுவது? பிடிபட்ட பெட்டியில் ஜெர்மானியர்கள் நூர் பெயரிலேயே செய்தி அனுப்பினார்கள். அவர் பிடிபட்ட எச்சரிக்கை லண்டனுக்கு எட்டியும் மேலதிகாரிகள் பொருட்படுத்தவில்லை. 1944 பிப்ரவரிக் கடைசியில் மூன்று பேரை விமானத்திலிருந்து இறக்கினார்கள். கீழே காத்திருந்து வரவேற்றவர்கள் கெஸ்டபோக்காரர்கள்! மூவரில் ஒருவர் மதலேன் டமெர்மான் என்ற பிரெஞ்சுப் பெண்.

நூரோ வாய் திறக்கவில்லை. 1943 நவம்பரில் கூரை வழியாகத் தப்பப் பார்த்து அகப்பட்டார். இனித் தப்பமாட்டேன் என்று எழுதிக்கொடு என்றார்கள், மறுத்தார். ஜெர்மனியில் ஃபோர்ஸைம் சிறையில் பத்து மாதம் சங்கிலியில் கிடந்தார். 1944 செப்டம்பர் 13 அன்று டாஹாவ் வதைமுகாமில் சுட்டுக் கொன்றார்கள். அவரோடு சுடப்பட்ட மூன்று பெண்களில் அந்த மதலேனும் ஒருவர்.

1949இல் பிரிட்டிஷ் சர்க்கார் ஜார்ஜ் சிலுவைப் பதக்கம் கொடுத்தது. 2012இல் லண்டனில் சிலை வைத்தார்கள். திறந்து வைத்தவர் ராஜ குடும்பத்து ஆன். வைக்கட்டும், வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கூமாப்பட்டித் தோழரே, "இளவரசி" என்று உருகுகிறவர்களைக் கண்டால் ஒன்று மட்டும் கேளுங்கள்: எச்சரிக்கை வந்த பிறகும் அந்த மூவரை இறக்கச் சொல்லி உத்தரவு போட்டவர்கள் யார், அவர்களுக்கு என்ன தண்டனை கொடுத்தீர்கள்?