கவர்னர் கையெழுத்துக்குக் கெடு கிடையாதா?

கிண்டியில் மின்சார ரெயிலை விட்டு இறங்கி அடையாறு பஸ்சைப் பிடிக்கிறவர்கள் தினமும் அந்த கேட்டைத் தாண்டித்தான் போகிறார்கள். வாசலில் போலீஸ். உள்ளே மரங்கள். மரங்களுக்கு நடுவே மான்கள். மொத்தம் சுமார் 156 ஏக்கர். பல காலம் ராஜ்பவன் என்று இருந்த பெயரை 2025 கடைசியில் மக்கள் மாளிகை என்று மாற்றினார்கள். பெயர்தான் மாறியது. மக்கள் இன்னமும் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறார்கள்.

அந்த மாளிகையில் குடியிருக்கிறவரிடம் ஒரு பேனா இருக்கிறது. சட்டசபையில் 234 பேர் கூடி நிறைவேற்றிய மசோதா, அந்தப் பேனா பட்டால்தான் சட்டம். படாவிட்டால் வெறும் காகிதம்.

தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா, யாரோ ஒருவருடைய சர்டிபிகேட் மனுவை ஆறு மாதம் மேஜை டிராயரில் போட்டு வைத்திருந்தால் என்ன நடக்கும்? மெமோ வரும். இன்கிரிமெண்ட் போகும். மசோதாவைக் கவர்னர் மூன்று வருஷம் வைத்திருந்தால் என்ன நடக்கும்? அதைக் கேட்கத்தான் தமிழ்நாடு சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டு வரை போக வேண்டி வந்தது.

இந்தத் தகராறு நேற்று முளைத்தது அல்ல. கவர்னர் என்ற உத்தியோகம் சென்னையில் முந்நூறு வருஷத்துக்கு மேல் பழசு. அந்த முந்நூறு வருஷமும் ஒரே கேள்விதான். கவர்னர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்?

கவர்னரையே கைது செய்தார்கள்

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சுலபம். கோட்டையில் உட்கார்ந்திருந்த கவர்னர் கம்பெனியின் பெரிய ஏஜெண்டு. லண்டன் முதலாளிகளுக்குக் கணக்கு காட்டினால் போதும். 1687 முதல் 1692 வரை இருந்த எலிஹு யேல், கம்பெனி வியாபாரத்தோடு சொந்த வியாபாரத்தையும் சேர்த்துப் பார்த்தார். புகார் கிளம்பி பதவி போயிற்று. பணம் போகவில்லை. அதில் ஒரு பகுதிதான் பிற்பாடு அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்குப் போய், அவர் பெயரையே அதற்கு வாங்கிக் கொடுத்தது.

பிகாட் பிரபுவின் கதை இன்னும் வேடிக்கை. இரண்டாம் தடவை கவர்னராக வந்த மனிதர், தஞ்சாவூரை நவாப்பிடமிருந்து வாங்கி ராஜாவிடமே திருப்பிக் கொடுத்தார். லண்டன் உத்தரவு அது. ஆனால் நவாப்புக்குக் கடன் கொடுத்திருந்த வெள்ளைக்காரர்களுக்கு வயிறு எரிந்தது. தஞ்சாவூர் வருமானத்தை நம்பித்தானே கடன் கொடுத்தார்கள்? கவர்னருடைய ஆலோசனை சபையிலேயே எதிர்ப்பு மெஜாரிட்டி ஆயிற்று. 1776 ஆகஸ்டில் ஒரு நாள், சொந்த சபை அங்கத்தினர்களே கவர்னரைப் பிடித்துக் காவலில் வைத்து விட்டார்கள்! அடுத்த வருஷம் மே மாதம் காவலிலேயே அவர் செத்துப் போனார். செய்தவர்கள் மீது லண்டனில் வழக்கு நடந்தது. தண்டனை? ஆளுக்கு ஆயிரம் பவுன் அபராதம். அவ்வளவுதான்.

எல்லோரும் அப்படி இல்லை. தீவுத்திடல் பக்கம் பஸ்சில் போகிறவர்கள் பார்க்கிற குதிரைக்கார சிலை, சர் தாமஸ் மன்றோ. அங்கவடி இல்லாத குதிரை என்று ஊரே பேசும். உழவனிடம் நேராக வரி வாங்குகிற ரயத்துவாரி முறையைக் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர். ஜனங்கள் பாஷை பேசத் தெரிந்தவர். சீமைக்குக் கிளம்பவிருந்த நேரத்தில் ஜில்லா சுற்றுப்பயணம் போய், 1827-ல் காலரா கண்டு இறந்தார்.

சர் சார்லஸ் டிரெவெலியன் என்று ஒருவர். 1859-ல் வந்தார். அடுத்த வருஷமே வருமான வரி போட கல்கத்தா முடிவு செய்தது. இவர் கூடாது என்றார். ஆட்சேபம் எழுதியதோடு நிற்காமல், அதைப் பத்திரிகையில் வெளிவரவும் விட்டு விட்டார். லண்டன் சும்மா இருக்குமா? கவர்னர் பதவி பறிபோயிற்று. மாசா மாசம் வரி பிடித்தம் போகச் சம்பளம் வாங்குகிறவர்கள் சென்ட்ரல் பக்கம் போகும்போது அவரை ஒரு நிமிஷம் நினைத்துக் கொள்ளலாம். அங்கே பீப்பிள்ஸ் பார்க்கை உண்டாக்கியவர் அவர்தான்.

அனுப்பினவர் பேச்சைக் கேட்டால் நாற்காலி இருக்கும், கேட்காவிட்டால் கப்பல் ஏற வேண்டியதுதான். வெள்ளைக்காரன் காலத்து விதி இது. வெள்ளைக்காரன் போன பிறகு மாறியதா?

ராஜாஜி கேட்டதும் ராஜாஜிக்குக் கிடைத்ததும்

1937 தேர்தலில் சென்னை மாகாணத்தில் 215 இடங்களில் 159 காங்கிரசுக்கு. ஆனாலும் ராஜாஜி உடனே பதவி ஏற்கவில்லை. மந்திரிகள் காரியத்தில் கவர்னர் தன் விசேஷ அதிகாரத்தை நுழைக்க மாட்டார் என்று உறுதி கேட்டது காங்கிரஸ். கவர்னர் எர்ஸ்கின் பிரபு, கூர்மா வெங்கட ரெட்டி நாயுடுவை வைத்து ஒரு இடைக்கால மந்திரிசபை அமைத்து மூன்று மாதம் ஓட்டினார். வைசிராய் இறங்கி வந்த பிறகுதான், ஜூலை மாதம், ராஜாஜி பதவி ஏற்றார்.

பதினைந்து வருஷம் கழித்து என்ன ஆயிற்று? 1952 தேர்தலில் 375 இடங்களில் காங்கிரசுக்கு 152-தான். பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் சேர்ந்து 166 பேர் இருக்கிறோம் என்றார்கள். கவர்னர் ஸ்ரீபிரகாசா அழைத்தது யாரை? ராஜாஜியை! அவர் தேர்தலில் நிற்கவே இல்லை. மேல்சபைக்கு நியமனம் செய்து முதல்-மந்திரி ஆக்கினார்கள். கம்யூனிஸ்டு தலைவர் பி.ராமமூர்த்தி ஐகோர்ட்டுக்குப் போனார். வழக்கு நிற்கவில்லை.

கவர்னர் குறுக்கே வரக்கூடாது என்று 1937-ல் வாதாடிய அதே ராஜாஜி, 1952-ல் கவர்னர் போட்ட பாலத்தின் மேல் நடந்து கோட்டைக்குள் வந்தார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? எதிர்க்கட்சியாக இருக்கும்போது கிண்டிக்கு மனுவைத் தூக்கிக்கொண்டு ஓடாத கட்சி தமிழ்நாட்டில் எது?

அரசியல் சட்டம் எழுதியபோது, கவர்னரை ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கட்டும் என்றுதான் முதலில் யோசனை. பிறகு, இரண்டு பேருக்கும் ஓட்டு இருந்தால் முதல்-மந்திரியோடு மல்லுக்கு நிற்பார் என்று பயந்து, 1949-ல் நியமனம் என்று மாற்றினார்கள். ஓட்டு இல்லாமலே மல்லுக்கு நிற்க முடியும் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

கையெழுத்துப் போட மறுத்தவர்

1976 ஜனவரி 31. கவர்னர் கே.கே.ஷாவின் அறிக்கை டெல்லிக்குப் போயிருந்தது. கருணாநிதி மந்திரிசபை டிஸ்மிஸ். நெருக்கடி நிலைக் காலம், கேட்பார் இல்லை. 1980 பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். மந்திரிசபை டிஸ்மிஸ். மே மாதத் தேர்தலில் ஜனங்கள் எம்.ஜி.ஆரையே திருப்பி உட்கார வைத்தார்கள். அந்த வருஷ அக்டோபரில் கவர்னருக்கே டிஸ்மிஸ்! பிரபுதாஸ் பட்வாரி, ஜனதா ஆட்சி அனுப்பிய காந்தியவாதி. டெல்லியில் ஆள் மாறினதும் அவர் சீட்டும் கிழிந்தது.

1991 ஜனவரிதான் இந்தக் கதையில் நின்று பார்க்க வேண்டிய இடம்.

பிரதமர் சந்திரசேகருக்குக் காங்கிரஸ் தயவு தேவை. தி.மு.க. ஆட்சியைக் கலைக்கச் சொல்லி காங்கிரசும் அ.தி.மு.க.வும் நெருக்கின. விடுதலைப்புலிகள் விவகாரம், சட்டம்-ஒழுங்கு என்று காரணம் சொன்னார்கள். டெல்லிக்கு வேண்டியது கவர்னரிடமிருந்து ஒரு அறிக்கை. கவர்னர் சுர்ஜித் சிங் பர்னாலா.

அவர் அறிக்கை அனுப்பவில்லை.

பர்னாலா யார்? பஞ்சாப் முதல்-மந்திரியாக இருந்தவர். 1987-ல் அவருடைய சொந்த மந்திரிசபையையே இதே 356-வது பிரிவில் டெல்லி கலைத்திருந்தது. சுட்ட இடம் எது என்று தெரிந்தவர்.

டெல்லி விடுமா? கவர்னர் அறிக்கையின் பேரிலோ, அல்லது வேறு விதத்திலோ என்று சட்டத்தில் இரண்டு சொல் இருக்கிறது. அந்த வேறு விதத்தைப் பிடித்துக்கொண்டு ஜனவரி 30-ந் தேதி ஆட்சியைக் கலைத்து விட்டார்கள். பர்னாலாவை பீகாருக்கு மாற்றினார்கள். அவர் போகவில்லை. ராஜினாமா செய்துவிட்டு ஊருக்குப் போய் விட்டார். 2004-ல் அதே பர்னாலா அதே கிண்டி மாளிகைக்கு மறுபடி கவர்னராக வந்து 2011 வரை இருந்தார்.

ஆட்சி கலைந்தது கலைந்ததுதான். ஒரு நல்ல மனிதர் மறுத்ததால் எதுவும் நிற்கவில்லை. 1994-ல் பொம்மை வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கடிவாளம் போட்ட பிறகுதான் டிஸ்மிஸ் செய்வது லேசில் முடியாத காரியம் ஆயிற்று. நாற்காலியில் உட்காருகிறவரின் முதுகெலும்பை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது? எழுதி வைத்த விதி வேண்டும்.

அவசரக் கையெழுத்தும் ஆபத்துதான். 2001 மே மாதம், வேட்புமனுக்கள் தள்ளுபடியாகி தேர்தலில் நிற்க முடியாமல் போன ஜெயலலிதாவுக்கு கவர்னர் பாத்திமா பீவி பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். அவர் சாமானியர் அல்ல, சுப்ரீம் கோர்ட்டின் முதல் பெண் நீதிபதி. செப்டம்பரில் அதே சுப்ரீம் கோர்ட்டு அந்த நியமனம் செல்லாது என்றது. அதற்குள் ஜூலையிலேயே அவர் ராஜினாமா செய்திருந்தார்.

கிடப்பில் போடுவது புது ஆயுதம்

டிஸ்மிஸ் ஆயுதம் மழுங்கியதும் வேறு ஒன்று கைக்கு வந்தது. சும்மா இருப்பது!

ராஜீவ் கொலை வழக்குக் கைதிகள் ஏழு பேரை விடுதலை செய்யலாம் என்று 2018 செப்டம்பரில் எடப்பாடி பழனிசாமி மந்திரிசபை தீர்மானம் போட்டது. கவர்னர் பன்வாரிலால் புரோகித் இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து, கடைசியில் ஜனாதிபதிக்குத் தள்ளிவிட்டார். 2022-ல் சுப்ரீம் கோர்ட்டுதான் முதலில் பேரறிவாளனையும் பிறகு மற்றவர்களையும் விடுவித்தது. அந்த விடுதலை சரியா தப்பா என்பது வேறு பேச்சு. மந்திரிசபை கேட்டதற்கு ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல எத்தனை வருஷம்?

அடுத்து வந்தவர் ஆர்.என்.ரவி. 2023 ஜூன் 29-ந் தேதி ராத்திரி மந்திரி செந்தில் பாலாஜியை டிஸ்மிஸ் செய்தார். அன்று ராத்திரியே அதை நிறுத்தியும் வைத்தார். அந்த வேகம் மசோதாக்களில் இல்லை. 2020 முதல் சேர்ந்திருந்த மசோதாக்களில் பத்தை 2023 நவம்பரில்தான் திருப்பி அனுப்பினார். அவற்றில் இரண்டு அ.தி.மு.க. ஆட்சியில் நிறைவேறியவை. ஆகவே இதை ஒரு கட்சியின் குறையாக நினைக்க வேண்டியதில்லை. சட்டசபை சிறப்புக் கூட்டம் கூடிப் பத்தையும் மறுபடி நிறைவேற்றி அனுப்பியது. உடனே அவற்றை ஜனாதிபதிக்கு அனுப்பி விட்டார்.

2025 ஏப்ரல் 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, அப்படி அனுப்பியது சட்டவிரோதம், பத்து மசோதாவும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்தது. கெடுவும் வைத்தது. ஜனாதிபதி விளக்கம் கேட்டார். நவம்பர் 20-ந் தேதி ஐந்து நீதிபதிகள் சொன்ன கருத்து வேறு மாதிரி: கோர்ட்டு கெடு வைக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது, ஆனால் காரணம் இல்லாமல் நெடுங்காலம் கிடப்பில் போடவும் கூடாது, போட்டால் முடிவெடுங்கள் என்று மட்டும் கோர்ட்டு சொல்லலாம். ஒவ்வொரு தடவையும் அதற்கு ஒரு வழக்குப் போட வேண்டும்.

இதில் சாதாரண ஜனங்களுக்கு என்ன நஷ்டம் என்று டீக்கடையில் கேட்கிறவர்கள் உண்டு. மசோதாக்களில் பெரும்பாலானவை பல்கலைக்கழக விஷயம். துணைவேந்தரை நியமிப்பது கவர்னரா, சர்க்காரா என்ற இழுபறி. 2025 மே மாதம் ஐகோர்ட்டு அதற்குத் தடையும் போட்டது. இந்த இழுபறியில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 2023 ஆகஸ்டில் காலியான துணைவேந்தர் நாற்காலி, இரண்டு வருஷம் தாண்டியும் காலி. குழு வைத்து ஓட்டினார்கள். 1857-ல் தொடங்கிய பல்கலைக்கழகம்! கடை வருமானத்தில் பிள்ளையைப் படிக்க வைக்கிறவருக்கு இது தூரத்து விஷயமா?

கவர்னர் ரப்பர் ஸ்டாம்பா என்று எதிர்வாதம் செய்கிறார்கள். நியாயமான கேள்விதான். சட்டசபை கண்ணை மூடிக்கொண்டு தப்பான மசோதா போட்டால் ஒருவர் தடுக்க வேண்டாமா? தடுக்கட்டும். காரணம் எழுதித் திருப்பி அனுப்பட்டும். சட்டத்தில் அந்த வழி இருக்கிறதே. பதிலே சொல்லாமல் இருப்பதைத் தடுப்பு என்று எப்படிச் சொல்வது?

திருப்பி அனுப்புவதானால் எப்போது அனுப்ப வேண்டும் என்று 200-வது பிரிவு சொல்கிறது: கூடிய சீக்கிரம். கடைக்காரர்களுக்கு இந்த வார்த்தை நன்றாகத் தெரியும். கடன் வாங்கினவர் கூடிய சீக்கிரம் தருகிறேன் என்றால், அந்தப் பாக்கி நோட்டிலேயே இருக்கும் என்று அர்த்தம்.

கவர்னர் பிரச்சினைக்கு வழி சொல்லச் சொல்லி தமிழ்நாடு 1969-ல் ராஜமன்னார் கமிட்டி போட்டது. 1971-ல் அறிக்கை வந்தது. டெல்லி எடுத்துக் கொள்ளவில்லை. டெல்லியே போட்ட பூஞ்சி கமிஷன் 2010-ல், மசோதா மீது கவர்னர் ஆறு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது. அதுவும் அலமாரியில். கெடு வைக்கிற வேலை கோர்ட்டுடையது அல்ல என்று இப்போது தெளிவாகி விட்டது. அப்படியானால் அது பார்லிமெண்டின் வேலை. 'கூடிய சீக்கிரம்' என்று இருக்கிற இடத்தில் 'ஆறு மாதம்' என்று எழுத ஒரு திருத்தம் வேண்டும். தமிழ்நாட்டுக்கு லோக்சபாவில் 39, ராஜ்யசபாவில் 18, ஆக 57 எம்.பி.க்கள். கவர்னரைத் திட்டாத கட்சி ஒன்றுகூட அந்த 57 பேரில் பெரும்பான்மையாக இருந்ததில்லை. திருத்த மசோதாவை எழுதிக்கொண்டு போய் மேஜையில் வைக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.