எல்லாம் அடக்கமாம்!

குளுவாங் ரயில் நிலையத்துக் கோப்பிக் கடை 1938 முதல் நடக்கிறது. காயா தடவிய ரொட்டி, அரைவேக்காட்டு முட்டை, கறுப்புக் கோப்பி. அங்கே பேச்சுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. பள்ளி விடுமுறை நெருங்கினால் ஏதாவதொரு மேசையில் ஒரு கைப்பேசி கை மாறும். திரையில் வெள்ளை வெளேரென்று கப்பல், அதன் மேல் கொட்டை எழுத்தில் ஒரு தொகை, தொகையின் தோளில் எறும்பளவு நட்சத்திரக் குறி. "மூணு ராத்திரி மாமா. ரூம்பு, சாப்பாடு, ஷோ, எல்லாம் அடக்கம். கையில காசே வேணாம்." மாமா தொகையைப் பார்ப்பார். நட்சத்திரத்தைப் பார்க்க அவருக்கு மூக்குக்கண்ணாடி வேண்டும். அது வீட்டில் இருக்கும்.

அந்த "எல்லாம் அடக்கம்" இன்று ஊர் முழுக்க உலவும் நம்பிக்கை. முதல் முறை கப்பலேறப் போகும் குடும்பங்கள் இதை நம்பித்தான் பணம் ஒதுக்குகின்றன. இதை நம்பித்தான் ஏமாறவும் செய்கின்றன. முழுப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. அறை, பொது உணவுக்கூடத்தில் வேளாவேளைக்குச் சாப்பாடு, அரங்க நிகழ்ச்சி, நீச்சல் குளம் ஆகியவை கட்டணத்தில் உண்டு. "அடக்கம்" என்ற சொல்லில் பிழையில்லை. வம்பு "எல்லாம்" என்ற சொல்லில் இருக்கிறது.

மலேசியத் தமிழருக்குக் கப்பல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ரஜுலா. 1926இல் கட்டப்பட்டு 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல் அது. தாத்தாவும் பாட்டியும் அதன் மேல்தளத்தில் பாய் விரித்து வந்த கதை தோட்டத்து வீடுகளில் இன்னும் பேசப்படுகிறது. ரஜுலா ஆளை ஏற்றிப் போய்க் கரையில் இறக்கிவிடும். அந்தப் பயணத்துக்கான விலைதான் டிக்கெட். இன்றைய உல்லாசக் கப்பல் சிங்கப்பூரில் ஏற்றி, மூன்று நாள் சுற்றி, அதே சிங்கப்பூரில் இறக்கிவிடுகிறது. அது மிதக்கும் பேரங்காடி. டிக்கெட் அதன் வாசலைத் திறக்கும் சீட்டு. ரஜுலா காலத்துக் கணக்கை இதற்குப் போட்டால் உதைக்காமல் என்ன செய்யும்?

இது குறும்புக்குச் சொன்ன உவமை என்று யாரும் நினைக்க வேண்டாம். கப்பல் நிறுவனங்களின் கணக்கறிக்கையே இதைச் சொல்கிறது. ராயல் கரீபியன் குழுமத்தின் 2023ஆம் ஆண்டு வருவாய் சுமார் 1,390 கோடி அமெரிக்க டாலர். அதில் டிக்கெட் விற்று வந்தது சுமார் 957 கோடி. மீதி 433 கோடி, அதாவது ஏறத்தாழ 31 விழுக்காடு, பயணிகள் ஏறிய பிறகு கப்பலுக்குள் செலவழித்தது முதலான பிற வகைகளில் வந்தது. அதே ஆண்டு கார்னிவல் நிறுவனத்தில் இந்தப் பங்கு மூன்றில் ஒன்றையும் தாண்டியது. எல்லாம் அடக்கமென்றால் இந்தக் கோடிகள் எங்கிருந்து முளைத்தன?

டிக்கெட் மலிவாக இருப்பதன் இரகசியமும் இதுதான். இந்த வித்தை மலேசியர்களுக்குப் புதிதில்லை. 1993இல் ஸ்டார் குரூசஸைத் தொடங்கியது கெந்திங் குழுமம், அதாவது மலைமேல் சூதாட்ட விடுதி நடத்திப் பழகிய கை. ஆளை வரவழைத்துவிட்டால் போதும், உள்ளே வந்தவர் தாமே செலவழிப்பார் என்பது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. அதன் ஹாங்காங் நிறுவனம் 2022 ஜனவரியில் கலைப்புக்கு மனுப் போட்டது. அதே ஆண்டு ஜூனில் ரிசார்ட்ஸ் வோர்ல்டு குரூசஸ் என்ற புதுப் பெயரில் கெந்திங் டிரீம் கப்பல் சிங்கப்பூரிலிருந்து ஓடத் தொடங்கியது. பெயர் மாறியது, அரிச்சுவடி மாறவில்லை.

இந்த இடத்தில் கோப்பிக் கடை வழக்கறிஞர்கள் எழுந்து நிற்பார்கள். "அது குடிக்கிறவனுக்கும் சூதாடுறவனுக்கும் அண்ணே. நாம கையைக் கட்டிக்கிட்டு இருந்தா ஒரு காசு செலவாகாது." இந்த நம்பிக்கையின் கடைசிக் கோட்டை இதுதான். அதைத் தகர்க்க ஒரு பெருக்கல் போதும்.

ராயல் கரீபியன் கப்பல்களில் பணியாளர் டிப்ஸ் என்று ஒரு தொகை அறைக் கணக்கில் தானாக ஏறும். அண்மைக் கட்டணப்படி சாதாரண அறையில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 18.50 அமெரிக்க டாலர். சிறுவருக்கும் உண்டு. அப்பா, அம்மா, பாட்டி, பத்து வயதுப் பையன் என்று நான்கு பேர் மூன்று இரவு போனால் 222 டாலர். ஒரு டாலருக்கு 4 ரிங்கிட் என்று வைத்தால் 888 ரிங்கிட். மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதில் பாதிக்கும் மேல். ஒரு சொட்டு பீர் குடிக்கவில்லை, சூதாட்ட மேசைப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை, கட்டிய கை கட்டியபடியே இருக்கிறது. பணம் மட்டும் போய்விட்டது. வரவேற்பு மேசையில் சொல்லிக் குறைத்துக்கொள்ள வழி உண்டு என்பது உண்மை. ஆனால் அது அறை கூட்டுகிறவருக்கும் சாப்பாடு பரிமாறுகிறவருக்கும் போகிற காசு. ஏமாந்தது தெரிந்த கோபத்தை அவர்கள் வயிற்றில் காட்டுவது என்ன நியாயம்?

அடுத்து துறைமுகக் கட்டணமும் வரியும். கொட்டை எழுத்துத் தொகையில் இவை பல நேரம் இருப்பதில்லை. நட்சத்திரத்தின் கீழ் ஒளிந்திருக்கும். முழு விலையை முதலிலேயே காட்ட முடியாது என்று எந்த நிறுவனமும் சாக்குச் சொல்ல முடியாது. கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்தே விலை சொல்ல வேண்டும் என்ற சட்டம் கலிபோர்னியாவில் 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. உடனே பெரிய கப்பல் நிறுவனங்கள் அமெரிக்க விளம்பரங்களில் வரியும் துறைமுகக் கட்டணமும் சேர்த்த விலையைக் காட்டத் தொடங்கின. ஆக, முடியும். இன்னொன்று, விளம்பரத் தொகை இருவர் தங்கும் அறையில் ஒரு ஆளுக்கான விலை. தனியாகப் போகிறவர் பெரும்பாலும் இரண்டு பேர் காசையும் கட்ட வேண்டியிருக்கும்.

இவையெல்லாம் கப்பல்காரன் கணக்கு. குளுவாங்காரர் கணக்கு வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. பாஸ்போர்ட் பெரியவருக்கு 200 ரிங்கிட், அறுபது தாண்டியவருக்கும் சிறுவருக்கும் 100. மேலே சொன்ன குடும்பத்துக்கு 600 ரிங்கிட். பிறகு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஜோகூர்பாரு, அதன் பிறகு சிங்கப்பூருக்குப் போகும் பாலம். பள்ளி விடுமுறைக் காலத்தில் பாலத்தில் எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும் என்று எந்த ஜோதிடராலும் சொல்ல முடியாது. கப்பலோ காத்திருக்காது, புறப்படுவதற்கு வெகு முன்னரே ஏறும் வாசலை மூடிவிடுவார்கள். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் முதல் நாளே சிங்கப்பூர் போய்த் தங்குகிறார்கள். அந்த ஓர் இரவு விடுதி வாடகை எந்தக் கப்பல் விளம்பரத்திலும் வராது.

வாடகையோடு ஒரு மொழிச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. குளுவாங்கில் பேச்சுவாக்கில் "அம்பது வெள்ளி" என்றால் ஐம்பது ரிங்கிட். பாலம் தாண்டினால் அதே வெள்ளி மூன்று மடங்குக்கு மேல் கனக்கிறது. கப்பலில் ஏறினால் சிலவற்றில் சிங்கப்பூர் வெள்ளி, சிலவற்றில் அமெரிக்க டாலர். விலைப்பட்டியலில் "10" என்று பார்த்ததும் மனம் பழக்க தோஷத்தில் பத்து ரிங்கிட் என்று படித்துக்கொள்கிறது. ராயல் கரீபியனில் பானங்களுக்கு 18 விழுக்காடு சேவைத் தொகை தானாகச் சேரும். 10 டாலர் பானம் 11.80 ஆகி, 47 ரிங்கிட்டைத் தாண்டிவிடும். கையில் நோட்டை எண்ணிக் கொடுத்தாலாவது உறைக்கும். அங்கே அறைச் சாவி அட்டையைத் தட்டினால் போதும். கணக்கு கடைசி நாள் மொத்தமாகத்தான் வரும்.

பானங்களுக்கு முன்கூட்டியே மொத்தமாகப் பணம் கட்டும் பானத் திட்டத்தில் ஒரு கண்ணியும் உண்டு. ராயல் கரீபியனில் ஒரு பெரியவர் மதுபானத் திட்டம் வாங்கினால் அதே அறையில் குடிக்கும் வயதுள்ள மற்றவர்களும் வாங்க வேண்டும் என்பது விதி. அப்பாவின் பீருக்குப் பாட்டியும் காசு கட்டுவார். இணையத்துக்குத் தனிக் கட்டணம். கைப்பேசியை அப்படியே விட்டுவைத்தால் நடுக்கடலில் அது கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண ரோமிங் திட்டம் பெரும்பாலும் அங்கே செல்லாது. ஏறியதும் விமானப் பயன்முறைக்கு மாற்றாதவர்கள் வீடு திரும்பியபின் பில்லைப் பார்த்து விழிக்கிறார்கள். பாட்டிக்குத் தலைசுற்றலா? அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட்டுக்கு மருத்துவரைப் பார்த்துப் பழகிய குடும்பம் கப்பல் மருத்துவருக்குத் தனியார் விலை கொடுக்க வேண்டும். பயணக் காப்புறுதியை வீண் செலவு என்று விட்டவர்களுக்கு அது சொந்தப் பை.

கரையில் இறங்கும் செலவில் ஒரு வேடிக்கை. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் சில கப்பல்கள் பினாங்குக்குப் போகின்றன. குளுவாங்காரர் பாலம் தாண்டிப் போய், வெளிநாட்டுப் பணத்தில் காசு கட்டி, சொந்த நாட்டுப் பினாங்கில் இறங்குகிறார். அங்கேயும் சுற்றுலாப் பேருந்துக்குக் கப்பலிலேயே டாலர் கட்டுகிறவர்கள் உண்டு. கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறையிலிருந்து பினாங்கின் லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாம்.

"இப்படி ஒவ்வொன்றுக்கும் கணக்குப் பார்த்தால் போன சுகமே இருக்காது" என்பது கடைசி வாதம். நேர்மாறாகத்தான் நடக்கிறது. டிப்ஸ், துறைமுகக் கட்டணம், பாஸ்போர்ட், ஓரிரவு விடுதி, காப்புறுதி ஆகிய ஐந்தும் வீட்டிலிருந்தே கணக்கிடக் கூடியவை. இவற்றை ஒரு காகிதத்தில் எழுதிச் சேர்த்த பிறகு வருகிற தொகைதான் உண்மையான விலை. லங்காவி விடுதியோடும் கேமரன்மலை வீட்டோடும் ஒப்பிட வேண்டியது அந்தத் தொகையை. அப்போதும் கப்பலே கட்டுப்படியாகும் என்றால் தாராளமாகப் போகட்டும்; பல குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகவும் செய்யும். கணக்கைப் பார்க்காமல் ஏறி, துண்டு விழுந்ததை 2024 மே மாதம் திறந்துவிட்ட ஊழியர் சேமநிதி மூன்றாம் கணக்கிலிருந்து எடுத்து அடைப்பவரிடம் கேட்டால் சுகம் எங்கே போனது என்று சொல்வார்.

அந்தக் காகிதத்தில் எழுத மறக்கும் சிறு செலவு ஒன்று பெரும்பாலும் திரும்பும் வழியில் வரும். ஜோகூர்பாருவுக்கும் உட்லண்ட்ஸுக்கும் இடையே ஓடும் ஷட்டில் தெப்ராவ் ரயிலில் போகும்போது ஒரு ஆளுக்கு 5 ரிங்கிட். திரும்பும்போது 5 சிங்கப்பூர் வெள்ளி. மூன்று இரவுக் கடலை முடித்துக்கொண்டு, பெட்டிகளை இழுத்தபடி, தூக்கம் கலையாத பையனோடு வரும் அந்த நான்கு பேர், போனபோது 20 ரிங்கிட் கொடுத்த பயணத்துக்கு உட்லண்ட்ஸில் 60 ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்துவிட்டு ஏறுகிறார்கள். அதே தண்டவாளம், அதே ஐந்து நிமிடம்.