நைனாவும் அப்பாவும்

போன வாரம் என் பொண்ணுக்குப் போன் போட்டேன். சென்னையில ஒரு கம்பெனியில வேலை, தோழிங்களோட ரூம் எடுத்துத் தங்கியிருக்கா. "அப்பா, அப்புறமா பேசறேன்"னு வெச்சுட்டா. பொறந்ததுல இருந்து அவ என்னை நைனான்னுதான் கூப்பிடுவா. ராத்திரி அவளே கூப்பிட்டா. என்னம்மா புதுசா அப்பான்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "நைனான்னா 'நீ கொல்டியா'ன்னு கேட்டுச் சிரிக்கிறாங்க"ன்னா.

அவமேல எனக்குக் கோவமில்ல. நானும் அந்த வயசுல அதேதான் செஞ்சேன். ஹைஸ்கூல்ல எங்க தமிழ் வாத்தியார் தெக்கத்திக்காரரு. நான் "புக்கு வீட்ல இக்குது சார்"னு சொன்னா, "இக்குதா, விக்குதா?"ன்னு கேப்பாரு. கிளாசே சிரிக்கும். இத்தனைக்கும் சிரிச்சவன்ல பாதிப்பேர் வீட்லயும் இக்குதுதான்.

சூளகிரி மார்க்கெட்டுக்கு ஒரு நாள் விடிகாலையில வந்து பாருங்க. மல்லிக்கட்டு இறங்கும்போது சேலத்து வியாபாரி "எவ்ளோ"ம்பாரு, பெங்களூர்க்காரரு "எஷ்டு"ம்பாரு, குப்பம் பக்கத்து ஆளு "எந்த"ம்பாரு. கேக்குற பாஷையிலயே எங்க ஆளுங்க பதில் சொல்லுவாங்க. இது பெரிய திறமைன்னு நாங்க நெனக்கிறதில்ல. அப்படிப் பேசலன்னா மல்லி வாடிப்போயிடும், அவ்வளவுதான்.

ஆனா மார்க்கெட்டத் தாண்டினா கதை வேற. பெங்களூர்ல நான் கன்னடம் பேசினா, ரெண்டாவது வார்த்தையிலயே தமிழ்நாட்டு ஆளான்னு கண்டுபிடிச்சிடுவாங்க. திருப்பதியில தெலுங்கு பேசினா அரவ தெலுங்கும்பாங்க. அரவம்னா அவங்க பேச்சுல தமிழ். சேலம் தாண்டிப் போனா, "நீங்க தெலுங்கா, கன்னடமா?" 1956-ல மாநிலம் பிரிச்சப்ப ஓசூர் பக்கம் தமிழ்நாட்டோட நின்னுச்சு. கோடு போட்டவங்க எங்க நாக்குல போடல. ஊர்ப்பேரப் பாருங்க. ஓசூர்னா கன்னடத்துல புது ஊரு. காமன்தொட்டின்னா வெளியூர்க்காரங்க தண்ணித்தொட்டி எங்கன்னு கேக்குறாங்க. எங்க பக்கம் தொட்டின்னா சின்ன ஊருங்க.

2016 செப்டம்பர் காவேரி கலவரம் ஞாபகம் இருக்கும். பெங்களூர்ல தமிழ்நாட்டு பஸ்ஸுங்கள எரிச்சாங்க. வண்டி எதுவும் பார்டர் தாண்டல. அத்திப்பள்ளியில இருந்து ஜூஜூவாடிக்கு ஜனங்க மூட்டையத் தூக்கிட்டு நடந்தாங்க, நானும் நடந்தேன். பக்கத்துல ஒரு நாமக்கல் டிரைவர், நல்ல கொங்குப் பேச்சு. நாலு பசங்க மறிச்சு எந்த ஊர்னு கேட்டாங்க. நான் கன்னடத்துல பதில் சொன்னேன். அவரைக் காட்டி, என் தம்பி, வாய் பேச வராதுன்னேன். விட்டுட்டாங்க. ஓசூர் வந்து டீ குடிச்சோம். அந்த மனுசன் என் கையப் புடிச்சு நன்றி சொல்லிட்டு, அப்புறமா மெதுவாக் கேட்டாரு: "ஏனுங்க, நீங்க தமிழ் ஆளுங்களா?"

அவரைக் குத்தம் சொல்லல. நாங்களும் யோக்கியம் இல்ல. சிப்காட்டுக்கு வேலைக்கு வர்ற வடநாட்டுப் பசங்க டீக்கடையில "அண்ணா, டீ ஒண்ணு குடு"ன்னு தட்டுத்தடுமாறிப் பேசினா, அதே மாதிரி பேசிக்காட்டி சிரிக்கிறது எங்க ஊர்லயும் நடக்குது. நானும் சிரிச்சிருக்கேன்.

பட்டணத்துல இருக்கிற நீங்க ஒண்ணு யோசிங்க. கோவைப் பேச்ச சினிமாவுல ரசிக்கிறீங்க. 'சதி லீலாவதி'யில கமல் பேசினப்ப நாங்களும் கைதட்டினோம். மதுரைப் பேச்சுக்குக் கேக்கவே வேணாம். 'இக்குது'ன்னு பேசற ஒரு கதாநாயகனை நான் இன்னும் பாக்கல. கி.ரா. இடைசெவல்காரரு, எங்கள மாதிரி விவசாயி, வீட்ல தெலுங்கு பேசற குடும்பம். கரிசல் பேச்சுக்கு அகராதியே தொகுத்தாரு. 1991-ல அவருக்கு சாகித்ய அகாதமி விருது கெடச்சது. வீட்ல தெலுங்கு இருந்ததால அவர் தமிழ் கெட்டுப்போச்சுன்னு யாராவது சொல்லுவீங்களா? அப்ப கலப்புங்கறது இல்ல பிரச்சினை. எழுதி வெச்சவங்க பேச்சுக்கு மண்வாசனைன்னு பேரு, எழுதாதவங்க பேச்சு கொச்சை.

பள்ளிக்கூடத்துல நல்ல தமிழ் கத்துக்கணும், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. பேங்குல மனு எழுத அது வேணும். ஆனா அதுக்காக என் பொண்ணு அவ நைனாவ ரூமுக்கு வெளியே நிறுத்த வேண்டி இருக்குது பாருங்க, அதுதான் ஒறைக்குது.

இந்த ஞாயித்துக்கெழம வரேன்னு சொல்லியிருக்கா. அவங்கம்மா கேவுரு மாவு அரைச்சு வெச்சிருக்கா. வந்து உக்காந்ததும் களி போடுன்னு கேக்குறாளா, சங்கட்டின்னு கேக்குறாளான்னு பாக்கணும்.