இழுக்கும் பலம் வேறு, நிறுத்தும் பலம் வேறு

பெரிய பிக்கப் டிரக்குக்கு டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர் தேவையில்லை என்பது அமெரிக்காவிலும் கனடாவிலும் வேரோடிப்போன நம்பிக்கை. டிரெய்லர் விற்கும் இடங்களில் இந்தக் கோடையிலும் அதே பேச்சுதான்: "இவ்வளவு பெரிய இன்ஜின், இவ்வளவு பெரிய டிஸ்க். மூன்று டன் என்ன செய்துவிடும்?" மூன்று டன் என்ன செய்யும் என்பதைக் கொலராடோவின் ஓர் இறக்கமே காட்டிவிடும்.

அங்கே ஐ-70 நெடுஞ்சாலையில் உள்ள ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதிலிருந்து மேற்கே சில்வர்தார்ன் ஊர் வரை சாலை ஏறக்குறைய 700 மீட்டர் கீழே இறங்குகிறது. சரிவு 7 சதவீதம் வரை. 3,000 கிலோ டிரெய்லர் ஒன்று இந்த இறக்கத்தில் வெளிவிடும் ஆற்றல் சுமார் 20 மெகாஜூல். அறுபது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்க இது போதும். எதிர்க்காற்றும், தாழ்ந்த கியரில் ஓடும் இன்ஜினும் இதில் ஒரு பங்கைத் தாங்கும். டிரெய்லரில் பிரேக் வேலை செய்யாவிட்டால் மீதி அத்தனையும் டிரக்கின் நான்கு சக்கரங்களில்தான் இறங்கும். டிரக்கின் சொந்த எடை கொடுக்கும் சூடு தனி. பிரேக் பிடிக்காமல்போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே அந்தச் சாலையோரத்தில் தப்பு வழிகள் அமைத்திருக்கிறார்கள்.

டிரக் செய்யும் நிறுவனமே இந்த நம்பிக்கையை ஏற்பதில்லை. வண்டியின் பிரேக், வண்டிக்கென்று அனுமதித்த மொத்த எடைக்குத்தான் கணக்கிடப்பட்டது, டிரெய்லரும் சேர்ந்த எடைக்கு அல்ல என்று ஃபோர்டின் கையேடு சொல்கிறது. 2005 மாடல் சூப்பர் டியூட்டியில் கன்ட்ரோலரைத் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தரத் தொடங்கியதும் அதே ஃபோர்டுதான். வேண்டாத பொருளுக்கு டாஷ்போர்டில் யாரும் இடம் ஒதுக்க மாட்டார்கள்.

டிரெய்லரின் மின்சார பிரேக் வேலை செய்யும் விதம் எளியது. ஒவ்வொரு சக்கரத்தின் டிரம்முக்குள்ளும் ஒரு மின்காந்தம் இருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் அது சுழலும் டிரம்மின் உட்பரப்பில் ஒட்டி இழுபடுகிறது. அந்த இழுப்பில் ஒரு கை நகர்ந்து பிரேக் ஷூக்களை விரிக்கிறது. மின்சாரம் வராவிட்டால் காந்தம் வெறும் இரும்பு. எவ்வளவு மின்சாரம், எந்த நேரத்தில் என்று தீர்மானிப்பது கன்ட்ரோலர். வண்டி வேகம் குறைவதை உணர்ந்து அதற்கேற்பக் கொடுப்பது ஒரு வகை. வண்டி எப்படி நின்றாலும், முன்கூட்டி வைத்த அளவைச் சில நொடிகளில் எட்டுவது இன்னொரு வகை. மலைச் சாலைக்கு முதல் வகையே ஏற்றது.

பொருத்துவது பெரிய வித்தை அல்ல. வயர்கள் நான்கு. கறுப்பு வயர் சர்க்யூட் பிரேக்கர் வழியாக பேட்டரிக்குப் போகும். இரண்டு அச்சு டிரெய்லருக்கு 20 ஆம்பியர் பிரேக்கர் போதும். வெள்ளை வயர் எர்த். சிவப்பு, பிரேக் பெடல் சுவிட்சுக்கு. நீலம், பின்னால் டிரெய்லர் சாக்கெட்டுக்கு. பல புதிய டிரக்குகளில் டாஷ்போர்டுக்கு அடியில் இதற்கென்றே இணைப்பு காத்திருக்கிறது. பொருத்தியபின் சரக்கேற்றிய டிரெய்லருடன், காய்ந்த சமதளச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் கன்ட்ரோலரின் கையியக்க லீவரை அழுத்திப் பார்க்க வேண்டும். சக்கரம் பூட்டிக்கொண்டால் கெயினை, அதாவது பிரேக்குக்குப் போகும் மின்சாரத்தின் அளவை, குறைக்க வேண்டும், இழுப்பு போதாவிட்டால் கூட்ட வேண்டும். பூட்டுவதற்குச் சற்று முன்னால் நிற்கும் அளவே சரி. சுமை மாறும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

அந்த லீவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. டிரெய்லர் பக்கவாட்டில் அலையத் தொடங்கும்போது டிரக்கின் பெடலை மிதித்தால் முன்வண்டி தயங்கும், பின்வண்டி தள்ளும், அலைச்சல் கூடும். லீவரை மட்டும் அழுத்தினால் டிரெய்லர் பின்னுக்கு இழுபட்டு நேராகும். எவ்வளவு பெரிய டிஸ்க்கும் இந்த வேலையைச் செய்யாது.

கன்ட்ரோலர் இல்லை என்று தெரிந்தே ஓட்டுவதைவிடக் கொடியது, அது இல்லாமலே எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டும் அடாப்டர். டிரெய்லரின் ஏழு முனை பிளக்கை அது டிரக்கின் நான்கு முனை சாக்கெட்டில் சேர்த்துவிடும். அந்த நான்கில் இருப்பவை எர்த், பின்விளக்கு, இடது சிக்னல், வலது சிக்னல் மட்டுமே. நீல வயருக்கு இடம் கிடையாது. பின்னால் நின்று பார்ப்பவர் விளக்கெல்லாம் எரிகிறது என்று கை காட்டுவார். டிரம்முக்குள் காந்தங்கள் செத்துக் கிடக்கும். "ஏழு முனை சாக்கெட் இருக்கிறதே, போதாதா?" என்பது இந்த நம்பிக்கையின் தம்பி. கன்ட்ரோலர் இல்லாத டிரக்கில் அந்தச் சாக்கெட்டின் பிரேக் முனைக்கு எதுவும் வந்து சேர்வதில்லை.

இந்த அறியாமையை வளர்ப்பதில் விளம்பரங்களுக்கும் பங்குண்டு. எத்தனை ஆயிரம் பவுண்டு இழுக்கும் என்று பெரிய எழுத்தில் போடுகிறவர்கள், அந்தச் சுமையோடு எத்தனை மீட்டரில் நிற்கும் என்று போடுவதில்லை. சட்டமும் ஊருக்கு ஒன்று. ஒன்டாரியோவில் மொத்த எடை 1,360 கிலோவோ அதற்கு மேலோ உள்ள டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். டெக்சாஸில் வரம்பு 4,500 பவுண்டு, அதாவது சுமார் 2,040 கிலோ. 1,800 கிலோ டிரெய்லர் எல்லை தாண்டியதும் எடை குறைந்துவிடுவதில்லை.

ஐசன்ஹோவர் இறக்கம் வண்டியின் பெயரையோ விலையையோ பார்த்துச் சூட்டைக் குறைத்துக்கொள்ளாது. மின்சார பிரேக் உள்ள டிரெய்லரைக் கொக்கியில் மாட்டுகிறவர்கள் சாலையில் ஏறும் முன் வண்டியை மெதுவாக நகர்த்தி, கன்ட்ரோலரின் லீவரை ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். டிரெய்லர் பின்னுக்கு இழுக்கவில்லையென்றால் அந்த வண்டி பயணத்துக்குத் தயாராகவில்லை.