எண்ணெய் ஏன் மிதக்கின்றது?

நமது பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் "அடர்த்தி" என்பதாக ஒரு பாடம் இருக்கின்றது. நிறையைக் கன அளவால் வகுத்தால் வருவது அடர்த்தி என்று மந்திரம் போல் ஒப்பித்து மார்க்கும் வாங்கி விடுகின்றார்கள். ஆனால் எண்ணெய் ஏன் தண்ணீரில் மிதக்கின்றது என்று கேட்டால், "எண்ணெய் லேசு" என்பார்களே ஒழிய வேறு சொல்லத் தெரியாது. ஒரு குடம் எண்ணெய், ஒரு கரண்டித் தண்ணீரை விட லேசா? அப்படியிருக்க, அந்தக் கரண்டித் தண்ணீர் குடத்தின் அடியில் போய்த் தங்குவானேன்? இதை யோசிக்க வைக்காத படிப்பு என்ன படிப்பு என்று கேட்கின்றோம்.

தோழர்களே! இதற்கு அடுப்படியே போதும். ஒரு கண்ணாடி டம்ளரில் முதலில் தேன், அதன் மேல் மெதுவாகத் தண்ணீர், அதன் மேல் நல்லெண்ணெய் ஊற்றச் சொல்லுங்கள். மூன்றும் மூன்று அடுக்காக நிற்கும். தேனும் தண்ணீரை விடக் கொழகொழப்பு, எண்ணெயும் கொழகொழப்பு. ஆனால் ஒன்று அடியில், மற்றொன்று மேலே. ஆகவே கொழகொழப்புக்கும் மிதப்பதற்கும் சம்பந்தமில்லை என்று பிள்ளையே கண்டுகொள்ளும். பிறகு மூன்றையும் ஒரே அளவாக எடுத்துத் தராசில் நிறுக்கச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1,000 கிராம், நல்லெண்ணெய் சுமார் 920, தேன் சுமார் 1,400. ஒரே அளவில் எது நிறை குறைவோ அது மேலே. அடர்த்தி என்பது இவ்வளவுதான்.

இது ஏட்டில் மட்டும் உள்ள சங்கதியா? இல்லை. விதை நெல்லைத் தேர்ந்தெடுக்கக் குடியானவர் தண்ணீரில் கோழி முட்டையைப் போடுகின்றார், அது மூழ்கும். முட்டை மேலே வந்து காசளவு வெளியே தெரியும் வரை உப்பைக் கரைக்கின்றார். முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும், மணியான விதை தங்கும். அந்த விதையை நல்ல தண்ணீரில் கழுவி விதைக்கின்றார். பாலில் தண்ணீர் கலந்தால் லாக்டோமீட்டர் காட்டிக் கொடுப்பதும் இதே கணக்குத்தான். வெண்ணெயை எடுத்துவிட்டுத் தண்ணீர் சேர்த்தால் அந்தக் கருவியும் ஏமாந்து போகும். அதனால்தான் கொழுப்பையும் தனியே சோதிக்கின்றார்கள். கருவி இருந்தால் போதாது, புத்தியும் வேண்டும்.

நிற்க, இராமேஸ்வரத்தில் தொட்டித் தண்ணீரில் மிதக்கும் கல்லைக் காட்டி ராமர் மகிமை என்கின்றார்கள். உள்ளே காற்றுத் துளைகள் நிறைந்த கல், அதே அளவுத் தண்ணீரை விட நிறை குறைந்ததானால் மிதக்கத்தான் செய்யும். 1883-ல் கிரகடோவா எரிமலை வெடித்தபோது அப்படிப்பட்ட கற்கள் இந்து மகா சமுத்திரத்தில் மிதந்து ஆப்பிரிக்கக் கரை வரை போய்ச் சேர்ந்தன. அவற்றின் மேல் யார் பெயரை எழுதினார்கள்?

வாலாஜாபாத்திலிருந்து சிறிது தூரத்திலுள்ள ஒரகடத்தில் காரும் லாரியும் செய்யும் ஆலைகள் வந்துவிட்டன. பிள்ளை மார்க்கு வாங்கி அங்கே வேலைக்குப் போனால் போதுமென்று பெற்றோர் எண்ணுகின்றனர். ஆலைக்குள் விஞ்ஞானத்துக்குக் கூலி வாங்கி, வெளியே வந்து மிதக்கும் கல்லுக்குக் காணிக்கை போடுவதானால் அந்தப் படிப்பால் யாருக்கு லாபம்? விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976-ல் அரசியல் சட்டத்திலேயே எழுதியாகிவிட்டது. சட்டத்தில் இருப்பது வீட்டுக்கு வர வேண்டாமா?

ஆகையால் பெற்றோர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருவரையும் உட்கார வைத்து, அவர்கள் கையாலேயே ஊற்றச் சொல்லுங்கள். விடையை நீங்கள் முந்திச் சொல்லிவிடாதீர்கள். தன் கையால் ஊற்றி, தன் கண்ணால் பார்த்து, தன் தராசில் நிறுத்த பிள்ளையை எந்தப் புரோகிதனும் சுலபத்தில் ஏமாற்ற முடியாது.