தேவாங்குக்கு இடம், ஆட்டுக்குத் தடையா?

தேவாங்கு படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "உங்க ஊர்ல இதுக்குச் சரணாலயம் வந்திருக்காமே, பெருமையா இருக்குங்க" என்று எழுதுகிற சென்னை, கோயமுத்தூர் நண்பர்களுக்கு இந்தப் பதிவு.

பெருமைதான், இல்லைன்னு சொல்லலை. 2022 அக்டோபர் 12-ல் அறிவிப்பு வந்தது. கரூர் மாவட்டம் கடவூர் பக்கமும், எங்க மாவட்டத்துல வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் தாலுகாக்களுமா சேர்த்து 11,806 ஹெக்டேர் காடு. தேவாங்குக்குன்னு இந்தியாவிலேயே முதல் சரணாலயம்.

அதே வருஷம் மார்ச்சில் நடந்ததை மட்டும் யாரும் எனக்கு அனுப்பலை. தேனி மாவட்டம் மேகமலையில மாடு மேய்க்கிறது சம்பந்தமான வழக்கில், தமிழ்நாட்டுல எந்தக் காட்டிலும் மேய்ச்சல் கூடாதுன்னு உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. அப்புறம் அதைத் திருத்தி, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகத்தோட நிறுத்திக்கிட்டாங்க. அப்பாடான்னு மூச்சு விட்டோம். ஏழே மாசத்துல எங்க கரடும் சரணாலயம் ஆயிருச்சு!

திண்டுக்கல் பிரியாணிக்கு வரிசையில நிக்கிறீங்களே, அந்த ஆடு எங்கே மேய்ஞ்சதுன்னு கேட்டதுண்டா? வியாழக்கிழமை அய்யலூர் சந்தைக்கு வந்து பாருங்க. மானாவாரிக்காரனுக்கு மழை பொய்த்த வருஷம் ஆடுதான் பேங்க்.

வெள்ளாடு குருத்தைக் கடிக்கும், கன்றைத் தழைய விடாது. தெரியாமல் இல்லை. எத்தனை ஆடு, எந்த மாசம், எந்தப் பக்கம் என்று ஊர் கூடிக் கட்டுப்பாடு வைக்கலாம். ஒட்டுமொத்தமா அடைக்கிறது என்ன நியாயம்?

இன்னொண்ணு. தேவாங்கு சரணாலய எல்லைக்குள்ள மட்டும் குடியிருக்கிற பிராணி இல்லை. கிளையைப் பிடிச்சுப் பிடிச்சு ராத்திரியில நகரும், பூச்சியைத் தின்னும். தரையில் இறங்கினால் நாய், ரோட்டுக்கு வந்தால் வண்டி. எங்க கிளுவை வேலியும், நடுநடுவே நிற்கிற உசிலை, வேம்பும்தான் அதுக்குப் பாதை. தோட்டம் வாங்க வருகிற டவுன்காரர் முதல் வேலையா ஜேசிபி விட்டு அந்த வேலியைத் தள்ளிட்டு, கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டுறார். அதைக் கேட்க ஆள் இல்லை. காட்டை அறுத்துக்கிட்டு அய்யலூர் வழியா நாலுவழிச்சாலை ஓடுது, அதையும் கேட்க ஆள் இல்லை. அந்த டிசம்பரிலேயே, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கல்குவாரி கூடாது என்ற விதியை அரசு தளர்த்தியது. சரணாலயத்துக்கு அந்தத் தளர்வு கிடையாதுதான். ஆனாலும் ஒரே வருஷத்துல குவாரிக்கு வழி, ஆட்டுக்கு அடைப்பு!

சட்டம் இல்லாமலும் இல்லை. 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் உரிமையாச் சொல்லுது, சரணாலயத்துக்கும் அது பொருந்தும். பழங்குடி அல்லாதவங்க 75 வருஷம், மூணு தலைமுறை அந்தக் காட்டை நம்பிப் பிழைச்சதைக் காட்டணும். எங்க ஆளுங்ககிட்ட பட்டா, சிட்டா எல்லாம் ஏது? ஊர்ப் பெரியவங்க வாக்குமூலத்தையே சாட்சியா ஏற்கலாம்னு விதி இருக்கு. அந்தப் பெரியவங்க ஒவ்வொருத்தரா போய்க்கிட்டிருக்காங்க.

அதனால இப்பவே கிராமசபையைக் கூட்டி மனு வாங்கட்டும். வனத்துறையும் வரட்டும், தேவாங்கு ஆராய்ச்சி பண்றவங்களும் வரட்டும், வேலிக்கணக்கையும் சேர்த்தே பேசுவோம். வியாழக்கிழமை மட்டும் வேண்டாம், அன்னைக்குச் சந்தை.